மருதாயியின் சிலேட்டு

ஏற்காடு மலையில் நாகலூருக்கு மேலே இருந்த அந்தக் காப்பி எஸ்டேட் பங்களாவில் மருதாயியைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட ஆள் ஒன்றே ஒன்றுதான். சமையல்காரர் வெங்கடாசலத்துக்கு அவள் அம்மிணி. துரைக்கும் துரைசாணிக்கும் ஆயா. தொழிலாளர்களின் லைன் வீடுகளில் இருந்த தோட்டத்துப் பெண்களுக்கு அவள் பங்களாக்காரி. துரையின் மகள் எல்சி பாப்பா மட்டும்தான் "மருதி, மருதி" என்று தோட்டத்துச் சரிவு வரைக்கும் கேட்கிற மாதிரிக் கத்திக் கூப்பிடும். அதுவும் பாதிப் பேர்தான். ஆனால் அந்தப் பாதியே அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

மருதாயியின் பெற்றோர் ராசிபுரம் பக்கத்தவர்கள். மழை பொய்த்த ஒரு வருஷம் காப்பி பறிக்க மலையேறி வந்தவர்கள், திரும்ப இறங்கவில்லை. காய்ச்சலில் இருவரும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். காப்பிப் பழத்தை அரைத்துக் கொட்டை எடுக்கும் கொட்டகையில் வேலை பார்த்த ஒருவனுக்கு அவளைக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவனையும் அதே காய்ச்சல் கொண்டுபோயிற்று. பிள்ளை இல்லை. முதல் உலகப் போர் முடிந்த சமயம் அது. அப்போதுதான் துரைசாணிக்கு எல்சி பிறந்தது. துரைசாணி எழுந்து உட்காரவே மாசக்கணக்கானது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண் வேண்டும், இரவும் பகலும் பங்களாவிலேயே கிடக்கிற பெண்ணாக வேண்டும் என்று கங்காணியிடம் சொன்னார்கள். கங்காணி யோசிக்கவே இல்லை.

"மருதாயியக் கூட்டியாங்க. ஏன் வரலேன்னு கேக்க அவ ஊட்டுல ஆளில்ல."

அப்படித்தான் அவள் பங்களாவுக்குப் போனாள். யாரும் இல்லாதவள் என்பதுதான் அவளுக்கு இருந்த தகுதி.

எல்சிக்கு ஏழு வயது முடிகிற வரை அவள் மடியிலும் இடுப்பிலும் முதுகிலும்தான் அந்தப் பிள்ளை வளர்ந்தது. கம்பங்கூழைக் கரண்டியில் தொட்டு நாக்கில் வைத்ததும் மருதாயிதான். பேச்சு வந்தபோது முதலில் வந்ததும் அவளுடைய பேச்சுதான். "தண்ணி நொம்ப சூடுங்க மருதி" என்று அந்த வெள்ளைக்காரப் பிள்ளை சொன்னால் வெங்கடாசலம் சமையலறையிலிருந்து சிரிப்பார். துரைக்குத் தமிழ் கற்றுக்கொடுக்கச் சேலத்திலிருந்து ஒரு முன்ஷி வந்துகொண்டிருந்தார். பிள்ளையை வைத்துக்கொண்டு தாழ்வாரத்து ஓரத்தில் நின்ற மருதாயிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக எழுத்து பிடிபட்டது. பிறகு பாப்பாவுக்கு ஒரு சிலேட்டு வந்தது. பாப்பா ஒரு எழுத்து போட, அதன் கீழே மருதாயி ஒரு எழுத்து போட, இப்படியே இருவரும் எழுதப் பழகினார்கள்.

காப்பி பூத்து மலை முழுக்க மல்லிகை வாசம் அடித்த ஒரு பங்குனியில், பாப்பாவைப் படிக்கச் சீமைக்கு அனுப்புவது என்று முடிவாயிற்று. துரைசாணியும் கூடப் போகிறாள். துரை மட்டும் இங்கே. மருதாயியை யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய ஆள் என்று அவளும் தன்னை நினைத்துக்கொள்ளவில்லை.

போகிற நாள் காலையில் அடிவாரம் வரைக்கும் வர அவளுக்கு அனுமதி கிடைத்தது. எஸ்டேட்டுக்கு அரிசி ஏற்றிய வண்டி அன்று அடிவாரத்திலிருந்து மேலே வரவேண்டியிருந்தது. அதில் அவள் திரும்பிவிடலாம். கார் மலையை வளைந்து வளைந்து இறங்கியது. பாப்பாவுக்கு வயிற்றைப் புரட்டியது. மருதாயியின் மடியில் தலை வைத்து, அவள் சேலை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு தூங்கிப்போயிற்று.

அடிவாரத்தில் புளியமரத்தடியில் கார் நின்றது. அரிசி வண்டி அங்கே காத்திருந்தது.

"பாப்பாவ எழுப்பி ஒரு வார்த்த சொல்லிட்டுப் போறனுங்க தொரசாணி" என்றாள் மருதாயி.

துரைசாணி தலையை ஆட்டினாள். "வேண்டாம் ஆயா. எழுந்தால் அழும். நீ இறங்கு."

மருதாயி பாப்பாவின் விரலிலிருந்து முந்தானையைப் பிரித்தெடுத்தாள். பிள்ளையின் தலையைத் துரைசாணி மடிக்கு மாற்றினாள். இறங்கினாள். கார் சேலம் பாதையில் புழுதி கிளப்பிக்கொண்டு போனது. அவள் அரிசி மூட்டைமேல் ஏறி உட்கார்ந்தாள். வண்டிக்காரர் வழியெல்லாம் ஏதோ பேசிக்கொண்டு வந்தார். என்ன பேசினார் என்று அவளுக்கு ஒரு நாளும் ஞாபகம் வந்ததில்லை.

முதல் சில வாரம் அழுகையில் போயிற்று. அழுகிற வரைக்கும் பரவாயில்லை. அழுகை நின்ற பிறகுதான் வேறொன்று ஆரம்பித்தது.

துரை அவளை வேலையை விட்டு நிறுத்தவில்லை. பங்களாவைக் கூட்டி, துணிமணியைப் பார்த்து, காலையில் அவருக்குத் தேநீர் வைத்துக்கொடுப்பது அவள் வேலை. பகலெல்லாம் துரை தோட்டத்தில் இருப்பார். மாலையில் ஏற்காட்டு கிளப்புக்குப் போய்விடுவார். வெங்கடாசலம் மதியச் சமையல் முடிந்ததும் தன் வீட்டுக்குப் போவார். ஆடி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. மூட்டம் சன்னலுக்கு வெளியே வந்து நின்றுகொள்ளும். பத்தடி தள்ளி இருக்கும் சில்வர் ஓக் மரம் தெரியாது. பொழுது விடிந்ததா சாய்ந்ததா என்று தெரியாது. பேச ஆளில்லாத வீட்டில் அவள் பாப்பாவோடு பேச ஆரம்பித்தாள். முதலில் மனசுக்குள். அப்புறம் வாய்விட்டு.

ஒரு நாள் காலை வெங்கடாசலம் வந்தபோது குளியலறையில் தகரத் தொட்டி நிறைய வெந்நீர் ஆவி பறந்துகொண்டிருந்தது. பக்கத்தில் சின்னத் துண்டு மடித்து வைத்திருந்தது. மருதாயி வாசற்படியில் நின்று தோட்டத்தைப் பார்த்து, "தண்ணி ஆறுது கண்ணு, வந்துரு சாமி" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏனம்மிணி, ஆருக்குத் தண்ணி?"

"பாப்பாவுக்குத்தானுங்கண்ணா. வெளையாடிட்டு எங்கியோ நிக்குது."

வெங்கடாசலம் தொட்டியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கே தெரிந்துவிட்டது. தொட்டித் தண்ணீரை மொண்டு மொண்டு வெளியே ஊற்றினாள்.

அதோடு நிற்கவில்லை. இன்னொரு நாளும் தண்ணீர் வைத்தாள். நேற்றுத் துரைசாணி தன்னைத் திட்டியதாக வெங்கடாசலத்திடம் சொல்லி முறையிட்டாள். துரைசாணி கப்பலேறி மாசங்கள் ஆகியிருந்தன. அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பாப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். பாத்திரம் கருகி, புகை கூரை வரை போனது.

"நான் இதத் தொரைகிட்டச் சொல்லாம இருக்க முடியாதுங்க அம்மிணி" என்றார் வெங்கடாசலம். கோபமாகச் சொல்லவில்லை. "நெருப்போட பொழங்கற ஊடு. நாளைக்கு ஒண்ணுன்னா எந்தலையிலதான் விடியும்."

"கொஞ்ச நாளு பொறுத்துக்குங்கண்ணா. சரியாயிருவனுங்க."

"எப்புடிச் சரியாவீங்க?"

அவள் கருகிய பாத்திரத்தைச் சாம்பல் போட்டுத் தேய்க்கத் தொடங்கினாள். இந்த வீட்டை விட்டால் அவளுக்குப் போக இடம் இல்லை. அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. எது நடந்தது, எது நடக்கவில்லை என்பது அவளுக்கே தெரியாமல் போய்க்கொண்டிருந்தது. அடை மூட்டத்தில் மலைப்பாதையில் நடக்கிறவன் கால் வைக்கிற இடத்தில் தரை இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பான். அவளுக்குத் தடவிப் பார்க்க ஒன்றும் அகப்படவில்லை.

அந்த வாரம் பாப்பாவின் அலமாரியில் பூஞ்சை பிடித்திருந்த துணிகளை வெயில் கண்ட நேரத்தில் எடுத்துக் காயப்போட்டாள். அடியில் சிலேட்டு கிடந்தது. மரச்சட்டத்தில் ஒரு மூலை பிளந்திருந்தது. ஒரு பக்கத்தில் பாப்பா கடைசியாகப் போட்ட படம் அப்படியே இருந்தது. மீசை நீண்ட ஒரு பூனை. பின்பக்கம் வெறுமையாக இருந்தது. கூடவே ஒரு துண்டு பலப்பம்.

மறுநாள் காலை துரையின் தேநீருக்குக் கெட்டிலை அடுப்பில் வைத்துவிட்டு, சிலேட்டை முழங்காலில் சாய்த்துக்கொண்டாள். பூனை இருந்த பக்கத்தைக் கீழே வைத்தாள். சரளமாக வராத எழுத்தில் எழுதினாள்:

இன்று செவ்வாய்க்கிழமை. பாப்பா சீமையில் இருக்கிறது. தண்ணி வைக்க வேண்டாம்.

எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுத்து அங்கேயே இருந்தது, அவள் என்ன நினைத்தாலும் மாறாமல். கெட்டில் கொதித்து மூடி தடதடத்தது. சிலேட்டைச் சமையலறைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுத் தேநீர் எடுத்துக்கொண்டு போனாள். அன்றைக்கு நடுவே இரண்டு மூன்று தடவை வந்து அதைப் படித்துப் பார்த்துவிட்டுப் போனாள். தண்ணீர் வைக்கவில்லை.

மறுநாள் காலை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, கிழமையை மாற்றி, அதையே எழுதினாள். அதற்கடுத்த நாளும் அதேதான். வெங்கடாசலத்துக்குப் படிக்கத் தெரியாது. "மந்திரமா அம்மிணி?" என்று கேட்டார். "கணக்குங்கண்ணா" என்று சொல்லிவைத்தாள். பாத்திரம் கருகவில்லை என்பதைப் பார்த்துவிட்டு அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. துரையிடமும் எதுவும் சொல்லவில்லை.

கெட்டில் கொதிக்கிற நேரம்தான் அவளுக்கு இருந்தது. அதற்குமேல் சிலேட்டிலும் இடமில்லை. அதனால் நீட்டி எழுத வழியில்லை. கொஞ்ச நாள் போனதும், பாப்பா சீமையில் என்பதை எழுதாமலே தெரிந்தது. அந்த இடத்தில் நேற்று நடந்த ஒன்றை எழுதலாம் என்று தோன்றியது. பலப்பத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். நேற்று என்ன நடந்தது? ஒன்றும் வரவில்லை. ஒரு முழு நாள் அவள் கைக்குத் தட்டுப்படாமல் போயிருந்தது. அது அவளைத் திடுக்கிட வைத்தது. நேற்று மட்டுமா, எத்தனை நாளோ!

அன்றிலிருந்து நாளைக்கு எழுத ஏதாவது வேண்டுமே என்று பார்க்க ஆரம்பித்தாள். பலாமரத்தில் மலை அணில் இறங்கி வந்தது. வெங்கடாசலம் கையைச் சுட்டுக்கொண்டார். வாழவந்தியிலிருந்து ஆரஞ்சு கொண்டுவந்த பெண் காசு வாங்கிக்கொண்டு ஒரு பழத்தை மருதாயி கையில் சும்மா வைத்துவிட்டுப் போனாள். எல்லாம் ஒரு வரி, இரண்டு வரி. மறுநாள் காலை துடைத்துவிடுவாள். சேர்த்து வைக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. எழுதுகிற அந்தக் கொஞ்ச நேரம் தலைக்குள் இரைச்சல் அடங்கியிருந்தது. அந்த அடக்கம் மதியம் வரைக்கும் தாங்கியது. போகப்போகச் சாயங்காலம் வரைக்கும்.

தனிமை போய்விட்டது என்று சொல்ல முடியாது. முன்பு தனிமையும் குழப்பமும் ஒன்றாய்ச் சேர்ந்திருந்தன. இப்போது தனிமை மட்டும் மிஞ்சியது, பளிச்சென்று.

எழுதாமல் தள்ளிப்போட்டது ஒன்று இருந்தது. அடிவாரம். ஐப்பசி மழை விட்டுப் பழம் சிவக்கத் தொடங்கிய ஒரு காலையில் கை தானாகவே எழுதியது: நான் பாப்பாவை விட்டுவிட்டு வந்தேன். எழுதியதைப் படித்தபோது உடம்பு கூசியது. பாப்பா காரில் கண் விழித்து "மருதி" என்று தேடியிருக்கும். காணாமல், ஓடிப்போய்விட்டாள் என்று நினைத்திருக்கும். அந்த ஒரு நினைப்புத்தான் ஆடி மூட்டத்தில் அவளைத் தொட்டியில் தண்ணீர் நிரப்ப வைத்தது.

மறுநாளும் அதே வரியை எழுதினாள். ஏதோ ஒன்று சரியில்லை என்று பட்டது. "விட்டுவிட்டு" என்பதை அழித்தாள். வேறு சொல் கிடைக்கவில்லை. கெட்டில் கொதித்துவிட்டது. இப்படியே சில காலைகள் போயின. ஒரு காலையில், நடந்ததை நடந்த மாதிரியே எழுதிப் பார்ப்போம் என்று, வரிசையாக எழுதினாள்:

எழுப்பட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்கள். இறங்கச் சொன்னார்கள். இறங்கினேன். பாப்பா தூங்கிக்கொண்டிருந்தது.

தேநீர் அன்று தாமதமாயிற்று. துரை மேசையில் காத்திருந்து, அவளுடைய சிவந்த கண்ணைப் பார்த்தார். கோப்பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

தை மாசத்தில் துரை அவளைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டார். முன்ஷி சொல்லிக்கொடுத்த தமிழில், சொல் சொல்லாக வைத்துப் பேசுவார்.

"ஆயா, வேறு எஸ்டேட்டில் என் சிநேகிதருக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. நல்ல ஆயா வேண்டும் என்கிறார். நீ போகிறாயா? இங்கே உனக்கு வேலை குறைவு."

"நாளைக்குச் சொல்றனுங்க தொரை."

மறுநாள் காலை சிலேட்டில் ஒரே ஒரு வரி எழுதினாள். எழுதும்வரை அவளுக்கே முடிவு தெரியாது. பிஞ்சுப் பிள்ளையை மார்போடு அணைத்துக்கொள்ளக் கை பரபரத்தது உண்மை. ஆனால் எழுதியது இது: அந்தப் பிள்ளையும் ஏழு வயதில் போய்விடும்.

தேநீரை வைத்துவிட்டு நின்றாள்.

"நான் போவலைங்க தொரை. இன்னொரு பிள்ளைய வளத்துக் குடுத்துட்டு நிக்க எனக்குத் தெம்பில்லைங்க. லைன்ல ஒரு ஊடு குடுத்தீங்கன்னா பழம் பறிச்சுப் பொழச்சுக்குவனுங்க."

துரை ஆச்சரியப்பட்டார். பங்களா வேலையை விட்டு லைனுக்குப் போகிறேன் என்று அதுவரை யாரும் கேட்டதில்லை. சரி என்றார்.

அவள் நகரவில்லை. "ஒண்ணு கேக்கலாமுங்களா? பாப்பா என்னைய எப்பவாச்சும் கேக்குதுங்களா?"

துரை கோப்பையைக் கீழே வைத்தார். பொய் சொல்லியிருக்கலாம். பொய் சொல்லுமளவுக்கு அவருக்குத் தமிழ் வராததாலோ என்னவோ, உண்மையைச் சொன்னார்.

"முதலில் மிகவும் கேட்டாள். கப்பலில் அழுதாள் என்று அம்மா எழுதினாள். இப்போது கேட்கிறது இல்லை."

"தமிழு பேசுதுங்களா?"

"மறந்துவிட்டாள்."

மருதாயி தலையசைத்தாள். "செரிங்க" என்றாள். அன்று முழுக்க வீட்டைக் கழுவித் துடைத்தாள். மறுநாள் காலை எழுதினாள்: பாப்பா இப்போது அழுவதில்லை. நான் இருக்கிறேன். அந்த இரண்டு வரியில் எது நிம்மதி, எது துக்கம் என்று அவளால் பிரிக்க முடியவில்லை. பிரித்துத்தான் ஆகவேண்டும் என்றும் படவில்லை.

பங்களாவை விட்டுப் போகும்போது சிலேட்டை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். துரை அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பூனை அங்கே இல்லை. தினமும் முழங்காலில் பட்டுப் பட்டு அது எப்போதோ தேய்ந்துவிட்டிருந்தது. கடைசி மீசையும் மறைந்த அன்று அதையும் அவள் ஒரு வரியாக எழுதியிருந்தாள். துரை அதைத் திருப்பிக் கொடுத்தார்.

லைன் வாழ்க்கை எளிதாக இல்லை. ஏழெட்டு வருஷம் பங்களாவுக்குள் இருந்த கை, காப்பிச் செடிக் கிளைகளில் கீறிக் கிழிந்தது. அவள் கூடை நிறைவதற்குள் மற்றவர்கள் இரண்டாம் கூடைக்குப் போய்விடுவார்கள். "பங்களாக்காரிக்குப் பழம் பறிக்கத் தெரியுமாக்கும்" என்று பெண்கள் சிரித்தார்கள். கும்பலாய் உட்கார்ந்து சோறு தின்னும்போது அவள் பக்கத்தில் இடம் காலியாகவே இருக்கும். அவளுக்கும் வலியப் போய்ப் பேசத் தெரியவில்லை. பேசிப் பழகியதெல்லாம் ஒரு குழந்தையோடுதானே.

காலையில் கங்காணி பேர் கூப்பிடுவதற்கு முன், கஞ்சி சூடாகிற நேரத்தில், வாசலில் உட்கார்ந்து எழுதுவாள். பக்கத்து வீட்டு வீராயி பல நாள் இதைப் பார்த்துவிட்டு ஒரு நாள் கேட்டாள்.

"ஏனுங்கக்கா, தெனமும் அப்புடி என்னத்த எழுதறீங்க?"

"நேத்து என்ன நடந்துச்சுன்னு."

"அதென்ன எழுதித்தான் தெரியணுமா?"

"தெரியும்னுதான் நானும் நெனச்சிட்டிருந்தேன்."

வீராயி சிரித்துவிட்டுப் போனாள். ஆனால் அடுத்த வருஷம் அவள் புருஷன் மரம் சாய்ந்து இறந்தபோது, காரியமெல்லாம் முடிந்த ஒரு காலையில் வந்து மருதாயியின் வாசலில் உட்கார்ந்தாள். "எனக்கும் எழுதுங்கக்கா. நாஞ் சொல்றேன்" என்றாள். வீராயி சொல்லச் சொல்ல மருதாயி எழுதினாள். காலையில் அந்த மனிதன் சண்டை போட்டுவிட்டு, சாப்பிடாமல் போனது. தூக்குச் சட்டியை எடுத்துக்கொண்டு இவள் பின்னால் ஓடியது. எழுதி முடித்ததும் வீராயி அந்த எழுத்தை உற்றுப் பார்த்தாள். அவளால் படிக்க முடியாது. "அழிச்சிருங்க" என்றாள். மறுநாளும் வந்தாள். மூன்றாம் நாள் வரவில்லை.

"எனக்கு ஒத்து வரலைங்கக்கா. நெனைக்க நெனைக்க வலிக்குது. மறந்துட்டாத் தேவலை."

"செரி வீராயி" என்றாள் மருதாயி. வற்புறுத்தவில்லை. எல்லாருக்கும் ஒரே மருந்து கேட்பதில்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அதற்குப் பிறகு சோறு தின்னும்போது வீராயி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். பெரும்பாலும் இருவரும் பேசிக்கொள்ளமாட்டார்கள்.

வருஷங்கள் அப்படியே போயின. துரைசாணி திரும்பி வரவில்லை. எல்சியும் வரவில்லை. இரண்டாவது போர் முடிந்து, வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராகத் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பியபோது அந்தத் துரையும் கிளம்பினார். போகும் வழியில் லைன் பக்கம் காரை நிறுத்தி, எல்சிக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்று மருதாயியிடம் சொன்னார். "சந்தோசமுங்க" என்றாள் அவள். கார் போன பிறகு பறித்த பழத்தை நிறுக்கப் போய்விட்டாள்.

வயதானபோது அவள் கண்ணில் பூ விழுந்தது. எழுத்து தெரியவில்லை; பிறகு சிலேட்டே தெரியவில்லை. அப்புறம் எழுதுவதை விட்டுவிட்டுச் சொல்ல ஆரம்பித்தாள். விடிந்ததும் வாசலில் உட்கார்ந்து, மெல்லிய குரலில், இன்றைக்கு இன்ன கிழமை, நேற்று மழை, வீராயி ரசம் கொண்டுவந்தாள், முழங்கால் வலிக்கிறது என்று நாலு வரி. அவ்வளவுதான். முடிந்ததும் எழுந்து உள்ளே போய்விடுவாள். அந்தப் பக்கமாக வேலைக்குப் போகிறவர்கள் கிழவி சாமி கும்பிடுகிறாள் என்று நினைத்துக்கொண்டு சத்தம் போடாமல் நடந்தார்கள்.